அகப்பாடல்களில் உளத்தொலைவு: அணுக்கமும் சேய்மையும்

முன்னுரை

மலேசிய, சிங்கப்பூர் வகுப்பறைகளில் சங்க அகப்பாடல் ஒன்றைக் கற்பிக்க முற்படும் ஆசிரியர் இரண்டு இடர்ப்பாடுகளை எதிர்கொள்கிறார். அப்பாடல் மாணவருக்கு மிகவும் சேய்மையில் உள்ளது என்பது முதலாவது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுக் காலத் தொலைவும், தினைப்புனத்தையும் காந்தளையும் கண்டறியாத நிலத் தொலைவும், அருஞ்சொற்களின் தொலைவும் இடையே நிற்கின்றன. அப்பாடல் மாணவருக்கு மிகவும் அண்மையில் உள்ளது என்பது இரண்டாவது. பதினாறு, பதினேழு அகவை மாணவர் முன் களவையும் உடன்போக்கையும் விளக்குவதற்கு ஆசிரியர் தயங்குகிறார். முதல் இடர்ப்பாட்டைப் போக்க அருஞ்சொற்பொருளும் பொழிப்புரையும் துணையாகின்றன. இரண்டாவதைப் போக்க அறிவுரை துணையாகின்றது. இவ்விரண்டும் முடிந்தபின் பாடல் எஞ்சுவதில்லை.

இவ்விரண்டு இடர்ப்பாடுகளும் ஒரே சிக்கலின் இரு முகங்களே என்பதும், அச்சிக்கலைச் சங்கப் புலவர்கள் தம் பாடல்களுக்குள்ளேயே எதிர்கொண்டு தீர்வு கண்டுள்ளனர் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். உளவியலாரும் அழகியலாரும் 'உளத்தொலைவு' என்று வழங்கும் கருத்து இதனை விளக்கப் பயன்படுகிறது. ஒரு பொருளுக்கும் அதனைக் காணும் உள்ளத்துக்கும் இடையே உள்ள இடைவெளியே உளத்தொலைவு. அது கூடினும் குறையினும் காணப்படும் பொருளே வேறாகிவிடுகிறது. ஆயின் இக்கருத்தைத் தமிழ்த் திறனாய்வில் கையாளும்போது அதனை உணர்ச்சியின்மை என்றோ பற்றற்ற பார்வை என்றோ சுருக்கிக் கொள்வதுண்டு. அச்சுருக்கம் பொருந்தாது என்பதனைக் குறுந்தொகை, நெடுநல்வாடை, புறநானூறு, பட்டினப்பாலை ஆகியவற்றிலிருந்து சில பாடல்களைக் கொண்டு காண்போம்.

புல்லோ கூறிய தொலைவு

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எட்வர்டு புல்லோ 1912-இல் பிரித்தானிய உளவியல் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரையே இக்கருத்துக்கு அடிப்படை. அவர் காட்டிய எடுத்துக்காட்டு பலரும் அறிந்தது. கடலில் செல்லும் கப்பலை மூடுபனி சூழ்கிறது. பயணிகளுக்கு அது அச்சம் தருவது. காலத்தாழ்வும் கண்ணுக்குத் தெரியாத இடரும் அவர்கள் உள்ளத்தை வாட்டுகின்றன. எனினும் அதே பயணி, ஒரு கணம் தன் பயணத்தையும் தன் உயிரையும் பற்றிய கவலையை விலக்கி வைப்பாராயின், பால்போல் படர்ந்த பனித்திரையையும் அலையடங்கிய நீர்ப்பரப்பையும் ஒலி அடங்கிய தனிமையையும் காண்பார். பனி மாறவில்லை. காண்பவருக்கும் பனிக்கும் இடையே இருந்த நடைமுறைத் தொடர்பு மட்டும் அறுந்தது.

இவ்வெடுத்துக்காட்டோடு நின்றுவிடுவோர், தொலைவு என்றால் ஒதுங்கி நிற்றல் என்று கொள்வர். புல்லோவின் கட்டுரை அதற்கு மேலும் செல்கிறது. ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ நாடகத்தைக் காணவந்த, தன் மனைவிமீது ஐயம் கொண்ட கணவன் ஒருவனை அவர் காட்டுகிறார். நாடகத்தின் உணர்ச்சியை அவனைவிட நன்கு அறிந்தவர் அந்த அரங்கில் இலர். ஆயினும் அவனால் நாடகத்தைக் காண இயலாது. அவன் தன் மனைவியைப் பற்றியே எண்ணிக் கொண்டிருப்பான். அவனுக்குத் தொலைவு இல்லாமற் போயிற்று. மறுபுறம், நாடகத்தில் தன் வாழ்வோடு ஒட்டும் எதனையும் காணாதவனுக்குத் தொலைவு மிகுந்து போகிறது. ஆகவே தொலைவு இயன்ற அளவு குறைந்திருக்க வேண்டும். ஆனால் முற்றும் அற்றுப்போகக் கூடாது. இதுவே புல்லோ கண்ட முடிவு. இம்முடிவில் உணர்ச்சி குறைக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது. குறைக்கப்படுவது தன்னலத் தொடர்பு மட்டுமே.

இக்கருத்தை மறுத்தாரும் உளர். அமெரிக்க மெய்யியலார் ஜார்ஜ் டிக்கி 1964-இல் எழுதிய கட்டுரையில், தொலைவு என ஒரு தனி மனநிலை இல்லை என்றார். நாடகத்தில் கவனம் வைத்தல், வைக்காமை என்ற இரண்டே உள்ளன; ஐயமுற்ற கணவன் நாடகத்தைக் கவனிக்கவில்லை, அவ்வளவே என்பது அவர் வாதம். இம்மறுப்பு வலிமை உடையது. ஆயின் கவனத்தை எங்கே செலுத்துவது என்பதனைப் பாடலே வகுத்துத் தரும்போது, தொலைவு வாசகரின் மனநிலை மட்டுமன்று. அது பாடலின் அமைப்பும் ஆகிறது. அகப்பாடல்களில் நாம் காண்பது இவ்விரண்டாவது வகையே.

உரையாசிரியர் நோக்கு

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரை கண்ட இளம்பூரணர், மெய்ப்பாடு என்பதனை விளக்கும்போது அச்சமுற்றவன் ஒருவனையே சான்றாகக் கொள்கிறார். அவனிடத்து நிகழும் அச்சம் அவன் உடலில் வெளிப்பட்டுக் காண்போருக்குப் புலனாகும் தன்மையே மெய்ப்பாடு என்பது அவர் விளக்கத்தின் சாரம். அஞ்சுபவன் ஒருவன், காண்பவர் வேறொருவர் என்ற இப்பகுப்பு நோக்கத்தக்கது. கப்பலில் உள்ள பயணியே அஞ்சுபவனும் காண்பவனும் ஆவது புல்லோவின் எடுத்துக்காட்டு. நம் உரை மரபு அவ்விருவரையும் தொடக்கத்திலேயே பிரித்து நிறுத்தி, ஒருவரது உள்ளம் மற்றவருக்கு எவ்வாறு புலனாகிறது என்று வினவுகிறது. விடையாகக் கிடைப்பது மெய், அதாவது உடல். உள்ளம் சேய்மையில் உள்ளது. உடற்குறி அண்மையில் உள்ளது. அண்மையில் உள்ளதன் வழியே சேய்மையில் உள்ளது அறியப்படுகிறது.

நான்கு தொலைவுகள்

அண்மைக்கால உளவியலில் இக்கருத்து வேறொரு வடிவம் பெற்றது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் யாக்கோவ் திரோப், டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் நிரா லிபர்மன் ஆகிய இருவரும் 2010-இல் வெளியிட்ட கட்டுரையில் உளத்தொலைவை நான்காகப் பகுத்தனர். காலம், இடம், பிறர் நம்மிலிருந்து வேறுபட்டிருக்கும் அளவு, நிகழ்ந்ததா நிகழக்கூடியதா என்ற உண்மைநிலை ஆகியவை அந்நான்கு. சேய்மையில் உள்ளதனை உள்ளம் பொதுமையாகவும் சுருக்கமாகவும் எண்ணுகிறது. அண்மையில் உள்ளதனைத் தனித்தனி நுட்பங்களோடு காண்கிறது என்பது அவர்தம் கோட்பாடு. அடுத்த ஆண்டு வீடு மாறப் போகிறவர் 'புது வாழ்வு' என்று எண்ணுகிறார். நாளை மாறப் போகிறவர் பெட்டிகளையும் கயிற்றையும் எண்ணுகிறார்.

இந்நான்கையும் தொல்காப்பிய அகத்திணையியலோடு ஒப்பிட்டு நோக்கலாம். நிலமும் பொழுதும் முதற்பொருள் எனப்பட்டன. இடமும் காலமும் அங்கு அமைகின்றன. அகனைந்திணையில் எவரையும் சுட்டிப் பெயர் கூறலாகாது என்ற விதி, பாடப்படுபவருக்கும் கேட்பவருக்கும் இடையிலான தொலைவை வரையறுக்கிறது. நாடக வழக்கும் உலகியல் வழக்கும் இணைந்த புலனெறி வழக்கம், நிகழ்ந்ததற்கும் நிகழக்கூடியதற்கும் இடையே பாடலை நிறுத்துகிறது. இவ்வொப்புமையைக் கொண்டு இன்றைய உளவியலைத் தொல்காப்பியர் முன்னரே கூறிவிட்டார் என்று பெருமை கொள்வது ஆய்வாகாது. உளவியலாரின் நோக்கம் மனித உள்ளம் இயல்பாக எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிவது. தொல்காப்பியரின் நோக்கம் செய்யுள் எவ்வாறு இயற்றப்பட வேண்டும் என்பதை வகுப்பது. இவ்வேறுபாடே நமக்குப் பயன் தருகிறது. உள்ளம் இயல்பாகச் செய்வதனைப் புலவர் மாற்றிச் செய்யும் இடங்களே கவிதை பிறக்கும் இடங்கள்.

குருகின் கால்கள்

கபிலர் பாடிய குறுந்தொகை 25-ஆம் பாடல் இதற்குச் சிறந்த சான்று. திருமணம் காலம் தாழ்க்கத் தலைவி தோழியிடம் கூறுவதாக அமைந்தது. தன்னைக் கூடிய நாளில் வேறெவரும் அங்கு இல்லை. கள்வனாகிய அவன் மட்டுமே இருந்தான். அவன் சொல் தவறினால் தான் என்ன செய்ய இயலும் என்கிறாள். பின்னர், ஒரு குருகும் அங்கு இருந்தது என்று சேர்க்கிறாள். அக்குருகின் கால்கள் தினைத்தாள் போன்று சிறியவை, பசியவை. ஓடும் நீரில் வரும் ஆரல் மீனை அது பார்த்துக்கொண்டிருந்தது.

பாடல் ஐந்தே அடிகளால் ஆனது. அதில் எது விரிவாகக் கூறப்படுகிறது, எது சுருங்கக் கூறப்படுகிறது என்று நோக்க வேண்டும். அவள் வாழ்வையே மாற்றிய நிகழ்ச்சி ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. அவன் முகமோ மொழியோ தோற்றமோ கூறப்படவில்லை. குருகுக்கோ காலின் வடிவும் நிறமும் பருமனும் உண்டு. அது நிற்கும் நீரின் ஓட்டமும் உண்டு. அது தேடும் மீனுக்குப் பெயரும் உண்டு. சேய்மையில் உள்ளது சுருங்கும், அண்மையில் உள்ளது விரியும் என்ற உளவியல் விதியின்படி நோக்கினால், தலைவிக்கு இப்போது மிக அண்மையில் இருப்பது குருகின் கால். அந்நாள் கடந்துபோயிற்று, அவனும் சேய்மையில் உள்ளான், அவனது சொல் மெய்யாகுமா என்பதும் உறுதியில்லை. காலம், இடம், உண்மைநிலை ஆகிய மூவகைத் தொலைவும் ஒருங்கே சூழ்ந்த இடத்தில், கை நீட்டினால் தொடத்தக்கதாக நிற்பது ஒரு பறவையின் கால் மட்டுமே.

இதனை நினைவின் இயல்பு என்று கூறி அமையலாம். பெருந்துயருற்றவர் அத்துயர் நேர்ந்த அறையின் சுவர்க்கடிகாரத்தை நினைவில் வைத்திருப்பதுண்டு. ஆயின் கபிலரின் திறம் அதனினும் மேலானது. சான்று எனத் தலைவி காட்டும் அக்குருகும் அவர்களைப் பார்க்கவில்லை. அது மீனைப் பார்த்தது. அவளுக்குச் சான்று இல்லை என்ற உண்மை, சான்று உண்டு என்று கூறும் சொற்களாலேயே உணர்த்தப்படுகிறது. தன் துயரை அவள் கூறியிருந்தால் நாம் இரங்கியிருப்போம். அல்லது அவனைப் பழித்திருப்போம். அவள் குருகைக் காட்டியதால் நாம் அவள் நின்ற இடத்தில் நின்று அவள் கண்டதைக் காண்கிறோம். உணர்ச்சி இங்குக் குறையவில்லை. அது வேறோரிடத்தில் வைக்கப்பட்டுள்ளது. உளத்தொலைவு என்பதனை உணர்ச்சியின் இடமாற்றம் என்று கொள்வதே அகப்பாடல்களுக்குப் பொருந்தும்.

செவிலியின் கண்

கூடலூர் கிழார் பாடிய குறுந்தொகை 167-ஆம் பாடலில் துயர் இல்லை. புதுமணம் புரிந்து கணவனோடு வாழும் பெண் முற்றிய தயிரைத் தன் மெல்விரலால் பிசைகிறாள். அவ்விரலை உடுத்திய ஆடையில் துடைத்துக் கொள்கிறாள். தாளிப்புப் புகை கண்ணில் படியத் தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிது என்று உண்கிறான். அவள் முகம் நுண்ணிதாக மகிழ்ந்தது. பாடலைக் கூறுபவள் செவிலி, கேட்பவள் நற்றாய். மணமனைக்குச் சென்று கண்டு திரும்பிய செவிலி, செல்லாதிருந்த தாய்க்கு உரைக்கிறாள்.

இப்பாடலை இல்லற மாண்பு என்ற தலைப்பின்கீழ்க் கற்பிப்பது வழக்கம். அவ்வாறு கற்பிக்கும்போது கணவன், மனைவி என்ற இருவர் மட்டுமே எஞ்சுகின்றனர். பாடலில் நால்வர் உளர். உண்பவன் ஒருவன், அவனைப் பார்க்கும் மனைவி, அவள் முகத்தைப் பார்க்கும் செவிலி, செவிலி சொல்லைக் கேட்கும் தாய். அம்மகிழ்ச்சி மிக நுட்பமானது என்று செவிலி கூறுவதற்குக் காரணம் உண்டு. அம்முகத்தைக் குழந்தைப் பருவம் முதல் அறிந்த ஒருத்தியின் கண்ணுக்கே அம்மாற்றம் தெரியும். கணவன் அதனைக் கண்டானா என்பது பாடலில் இல்லை. ஆடையில் விரல் துடைத்தலையும் புகை படிந்த கண்ணையும் விடாது கூறுவதற்கும் காரணம் உண்டு. வேலை அறியாது வளர்ந்த மகள் இன்று என்ன செய்கிறாள் என்று அறிய ஏங்கும் தாய்க்கு, 'நலமாக இருக்கிறாள்' என்ற சொல் போதாது. இடத்தால் தொலைவில் உள்ளவளுக்கு நுட்பங்கள் வேண்டும். சேய்மை பொதுமையை விளைக்கிறது என்பது உளவியலார் கண்டது. அன்புடைய சேய்மை நுட்பத்தைக் கேட்டுப் பெறுகிறது என்பது கூடலூர் கிழார் காட்டுவது.

வேம்பு என்ற ஓர் இலை

பெயர் சுட்டாமை என்ற விதியின் ஆற்றலை நெடுநல்வாடை வழியே அறியலாம். 188 அடிகள் கொண்ட அப்பாட்டில் நக்கீரர் கூதிர்க் காலத்து நகரையும், அரண்மனையில் யானைத் தந்தத்தாலான கட்டிலில் பிரிவால் வருந்தும் அரசியையும், போர்ப்பாசறையில் நள்ளிரவில் உறங்காது புண்பட்ட வீரரைக் காணச் செல்லும் அரசனையும் பாடுகிறார். உணர்ச்சியால் நோக்கின் இது அகம். ஆயினும் பாசறையில் அரசனுக்கு முன்செல்லும் தலைவன் ஏந்திய வேலின் தலையில் வேம்பு கட்டப்பட்டிருந்தது என்ற குறிப்பு வருகிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. அதனால் பாட்டுடைத் தலைவன் சுட்டப்பட்டான் என்றும், ஆகவே இது புறமாயிற்று என்றும் நச்சினார்க்கினியர் உரைத்தார். இவ்வுரையோடு உ.வே.சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தது முதல் இம்முடிவு அறிஞரிடையே வாதத்துக்கு உரியதாக இருந்து வருகிறது. ஓரிலைக்காக ஒரு பாட்டை அகத்திலிருந்து விலக்குவதா என்று வினவியோர் உண்டு.

உளத்தொலைவு என்ற நோக்கில் நச்சினார்க்கினியரின் முடிவு வெறும் இலக்கணப் பிடிவாதமாகத் தோன்றவில்லை. வேம்பைக் காணும்வரை அரசியின் கண்ணீர் பிரிந்தோர் அனைவரின் கண்ணீர். வேம்பைக் கண்டபின் அது பாண்டிமாதேவியின் கண்ணீர். அவள் கணவன் வெல்வானா என்பது நாட்டு நிகழ்ச்சி. கேட்பவர் அதுவரை அவளாக இருந்தார். இப்போது அவளது குடிமக்களுள் ஒருவராகிறார். பெயர் ஒருவரை நமக்கு அறிமுகம் செய்கிறது. அதே கணத்தில் அவரை வேறொருவராக்கி விலக்குகிறது. பெயரின்மையோ இரட்டைச் செயல் புரிகிறது. இன்னார் என்ற தனிவாழ்வு ஆர்வத்தை அறுத்துத் தொலைவை உண்டாக்குகிறது. எவரும் புகுந்து நிற்கத்தக்க இடத்தைத் திறந்து அணுக்கத்தையும் உண்டாக்குகிறது. தொலைவு இயன்ற அளவு குறைய வேண்டும், அற்றுப்போகக் கூடாது என்று புல்லோ கேட்ட சமநிலையை அகத்திணை மரபு ஒரே விதியால் பெற்றுவிடுகிறது.

பட்டினப்பாலையில் திருமாவளவன் பெயர் வருகிறதே என்று வினவலாம். அங்கு அவன் வேலும் கோலும் உவமைக்குள் நிற்கின்றன. கடக்க வேண்டிய காட்டின் வெம்மைக்கு ஒன்றும், தலைவியின் தோளின் தண்மைக்கு ஒன்றும் ஒப்பாகின்றன. பிரிவை எண்ணுபவன் பெயரற்றவனாகவே இருக்கிறான்.

இரண்டு நிலவுகள்

பெயர் எப்போதும் உணர்ச்சியை விலக்கும் என்று பொதுவிதி வகுத்தலும் தவறு. பாரி மகளிர் பாடியதாக அமைந்த புறநானூறு 112-ஆம் பாடல் இதற்கு எதிர்ச்சான்று. அந்த மாதத்து வெண்ணிலவில் தந்தை இருந்தார், குன்றும் நமதாக இருந்தது. இந்த மாதத்து வெண்ணிலவில் வெற்றி முரசுடைய வேந்தர் குன்றைக் கொண்டனர், தந்தையும் இல்லை என்பதே பாடலின் பொருள். அழுகை என்ற சொல் இல்லை. பாரி என்ற பெயரும் பாடலுக்குள் இல்லை. அது பாடலுக்கு வெளியிலிருந்து வருகிறது. அதனை நீக்கி வாசித்தாலும் தந்தையை இழந்தோர் எவருக்கும் இப்பாடல் பொருந்தும். அதனைச் சேர்த்து வாசிக்கும்போது முல்லைக்குத் தேர் ஈந்தவனின் வீழ்ச்சி என்ற வரலாறு கனத்தைக் கூட்டுகிறது. இங்குப் பெயர் அணுக்கத்தைக் கெடுக்கவில்லை.

காரணம் நிலவு. வானில் உள்ள மிகச் சேய்மைப் பொருளை அச்சிறுமியர் அளவுகோலாகக் கொண்டனர். இரு முழுநிலவுகளுக்கு இடையே ஒரு மாதமே கழிந்தது. எண்ணுவதற்கு எளிய கால அளவு அது. ஆயின் அக்குறுகிய கால இடைவெளியில் ஒரு முழு வாழ்வு மறைந்தது. காலத் தொலைவு சிறிது, உளத்தொலைவு பெரிது என்ற முரண்பாட்டை விளக்கமின்றி இரு நிலவுகளை அருகருகே நிறுத்தியே உணர்த்தியுள்ளனர். இவ்வமைப்பு உறுதியாக இருப்பதால் பெயர் வரினும் வராவிடினும் பாடல் நிலைகுலையவில்லை.

காழகம் என்ற ஒரு சொல்

இதுவரை பாடலுக்குள் அமைந்த தொலைவுகளைக் கண்டோம். வாசகர் நிற்கும் இடமும் தொலைவைத் தீர்மானிக்கிறது. இந்நாட்டு வாசகர்க்கு இது தனிச்சிறப்பாகக் கருதத்தக்கது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்த பொருள்களின் பட்டியல் ஒன்று உண்டு. கடல்வழி வந்த குதிரைகள், மிளகுப் பொதிகள், வடமலைப் பொன்னும் மணியும், மேற்குமலைச் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்து, கீழ்க்கடல் பவளம், கங்கையின் வளம், காவிரியின் விளைவு, ஈழத்து உணவு என்று அது நீள்கிறது. அவற்றோடு காழகத்து ஆக்கமும் வருகிறது. காழகம் என்பதற்கு நச்சினார்க்கினியர் கடாரம் என்று பொருள் கொண்டார். கடாரத்தை இன்றைய கெடா மாநிலத்தோடு பொருத்துவது அறிஞர் பலரின் கருத்து. பிற நிலங்களிலிருந்து வந்தவை இன்னவை என்று பெரும்பாலும் கூறப்பட, காழகத்திலிருந்து வந்தது வெறும் 'ஆக்கம்' ஆகிறது. அங்கிருந்து என்ன வந்தது என்பது இல்லை. நகரின் கொட்டிலும் கடற்கரையும் பரதவர் விளையாட்டும் விரிவாகப் பாடப்பட்ட பாட்டில், கடலுக்கு அப்பால் உள்ள நிலம் ஒரு பெயரும் ஒரு பொதுச்சொல்லுமாகச் சுருங்குகிறது. சேய்மை பொதுமையாகும் என்ற விதிக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அவ்வொரு சொல்லுக்குள்தான் மலேசியத் தமிழ் வாசகர் இருக்கிறார். பாலைத்திணைப் பாடல்களில் பொருள்தேடிச் செல்லும் தலைவன் சுரத்தைக் கடக்கிறான். அவன் சென்று சேரும் ஊர் பெரும்பாலும் பாடப்படுவதில்லை. பாடல்கள் காத்திருப்பவளின் பக்கமே நிற்கின்றன. ஆங்கிலேயர் காலத்தில் தோட்டங்களுக்கும் இரயில் பாதைகளுக்கும் கடல் கடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களாகிய நாம், பாடப்படாத அம்மறுகரையிலிருந்து பாலையை வாசிக்கிறோம். நம் முன்னோருள் பலர் திரும்பிச் செல்லவில்லை. திரும்பி வருவான் என்ற நம்பிக்கையோடு முடியும் ஒரு பாலைப்பாடலை இங்கு வாசிக்கும்போது, அந்த நம்பிக்கையின் மறுபக்கத்தை நாம் அறிந்திருக்கிறோம். இது நம்மைப் பாடலிலிருந்து விலக்குகிறது என்று கொள்ள வேண்டியதில்லை. தமிழகத்து வாசகருக்கு இயல்பாகக் கிட்டாத ஒரு நோக்குநிலை நமக்குக் கிட்டியுள்ளது.

மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் தலைமைப் பொறுப்பேற்றிருந்த தனிநாயகம் அடிகள், 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடைபெறப் பெரும்பங்காற்றினார். அதே ஆண்டில் சங்கப்பாடல்களின் இயற்கை பற்றிய அவரது ஆங்கில நூலும் 'நிலத்தோற்றமும் கவிதையும்' என்று பொருள்படும் தலைப்பில் வெளிவந்தது. ஐந்திணை நிலங்களிலிருந்து கடலால் பிரிக்கப்பட்ட ஒரு நகரில் பணியாற்றிய அறிஞர் அந்நிலங்களைப் பற்றிய நூலை வெளியிட்டது நமக்கு ஒரு முன்மாதிரி. தொலைவு அவர் பணிக்குத் தடையாக அமையவில்லை.

வகுப்பறையில் தொலைவு

தொடக்கத்தில் குறித்த இரு இடர்ப்பாடுகளுக்குத் திரும்புவோம். குறுந்தொகை 25-ஆம் பாடலை விளக்கும்போது, பெண்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்ற அறிவுரையோடு பாடம் முடிவதுண்டு. இது தொலைவை முற்றும் அழித்துவிடுகிறது. மாணவி தன்னைப் பற்றியே எச்சரிக்கப்படுகிறாள். ஒத்தெல்லோவைக் காணவந்த கணவனைப் போல அவள் பாடலைக் காண்பதில்லை. மாறாக, திணை, துறை, கூற்று, கருப்பொருள் என்று அட்டவணையிட்டு நிரப்பும்போது தொலைவு அளவு கடந்துவிடுகிறது. குருகு 'கருப்பொருள்: பறவை' என்ற கட்டத்துக்குள் அடைபடுகிறது, அதன் கால்கள் மறைந்துவிடுகின்றன. பொழிப்புரையும் இதே தீங்கைச் செய்யக்கூடும். தலைவி தன் நிலைக்கு வருந்தினாள் என்று எழுதும்போது, கபிலர் சேய்மையில் வைத்ததனை அண்மைக்கும், அண்மையில் வைத்ததனை வெறுமைக்கும் கொண்டுபோய் விடுகிறோம்.

இதற்கு மாற்றாக ஓர் எளிய வழியைக் கருதலாம். பாடலின் பொருளைக் கூறுவதற்கு முன், இதில் எது மிக அருகில் காட்டப்படுகிறது, எது தொலைவில் வைக்கப்படுகிறது என்று மாணவரை வினவலாம். யார் பேசுகிறார், யார் கேட்கிறார், பேசுபவர் அதனை நேரே கண்டாரா என்பது அடுத்த வினா. எந்தச் சொல் வரும் என்று எதிர்பார்த்தோம், அது வராமல் என்ன வந்தது என்பது மூன்றாவது. தினைத்தாளைக் கண்டறியாத மாணவரும் இவ்வினாக்களுக்கு விடை கூற முடியும். அகப்பொருளைப் பதின்பருவத்தாரிடம் எவ்வாறு பேசுவது என்ற ஆசிரியரின் தயக்கமும் இதனால் தணியும். பெயரற்ற மாந்தர், பிறர் வழிக் கூற்று, குருகின் மேல் திருப்பப்பட்ட நோக்கு ஆகியவற்றால் பாடலே வேண்டிய தொலைவை அமைத்துத் தந்துள்ளது. ஆசிரியர் அதனைக் கூட்டவும் வேண்டா, குறைக்கவும் வேண்டா, காட்டினால் போதும்.

முடிவுரை

உளத்தொலைவு உணர்ச்சியின் பகை அன்று என்பதனை மேற்கண்ட பாடல்கள் உறுதிசெய்கின்றன. சேய்மையில் உள்ளதனை உள்ளம் சுருக்கியும் அண்மையில் உள்ளதனை விரித்தும் காண்பது பொது இயல்பு. சங்கப் புலவர்கள் இவ்வியல்பை அறிந்து பயன்கொண்டதோடு, வேண்டிய இடங்களில் அதனை மாற்றியும் அமைத்தனர். கபிலர் பெருநிகழ்ச்சியைச் சுருக்கிச் சிறுபறவையை விரித்தார். கூடலூர் கிழார் மகிழ்ச்சியைத் தாயின் ஏக்கத்தினூடே காட்டினார். நக்கீரரின் ஓரிலை ஒரு பாட்டின் திணையையே மாற்ற வல்லதாயிற்று. பாரி மகளிர் நிலவால் இழப்பை அளந்தனர். உருத்திரங்கண்ணனார் நம் நிலத்தை ஒரு சொல்லாகச் சுருக்கிச் சென்றார்.

அச்சொல்லை விரித்துப் பாடும் கடமை இந்நாட்டுப் படைப்பாளருடையது. குறுந்தொகையின் குருகை மீண்டும் அதன் ஓடும் நீரில் நிற்கச் செய்யும் கடமை ஆசிரியருடையது.